படத்தில் உட்கார்ந்திருந்த அத்தை

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அப்பாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மாமியார் இருக்கிற வீடாகப் பாருங்கள் என்றேன். அப்பா சிரித்துவிட்டார்.

"ஊருல பொண்ணுங்க எல்லாம் மாமியார் இல்லாத வீடா கேக்குதுங்க. நீ என்ன பாப்பா இப்படிக் கேக்குற?"

ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு ஏழு வயது. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. மலாயாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா டிரஸ்ஸராக இருந்தார். காய்ச்சலுக்கு மிக்ஸ்சர் கலப்பது, கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது நான் சோறு வடித்து வைத்திருப்பேன். எட்டு வயதில் மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் ஏறி நின்று வடிக்கப் பழகினேன். நான் வயதுக்கு வந்தபோது பக்கத்து லயத்து வீடுகளின் பெண்கள் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் நானே எழுந்து அடுப்பை மூட்டினேன்.

பெரியவளாக ஒருத்தி நடமாடுகிற வீட்டில் போய் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. அவள் திட்டினாலும் சரி. சிரம்பானிலிருந்து வந்த ஒரு வரனில் மாமியார் இல்லை; வேண்டாம் என்றேன். இன்னொன்றில் மாமியார் இந்தியாவில் மூத்த மகனோடு இருந்தார். அதையும் வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை அப்பா முகம் கொஞ்சம் இறுகிப்போனது.

மூன்றாவது வரன் மலாக்கா, காஜா பெராங். மாப்பிள்ளை ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு முறை வெளியூர் போய்வந்தார்; எதற்கென்று நான் கேட்கவில்லை. அதன்பின் ஒரு படம் தபாலில் வந்தது. கனமான அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய தாள் போர்த்திய குடும்பப் படம். தூண்கள் வரைந்த திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா, மற்றதில் அம்மா. நடுவில் பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

மாப்பிள்ளையை நான் ஒருமுறைதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தது அந்த அம்மாளைத்தான். நடு வகிடு, ஒற்றைக்கல் மூக்குத்தி, தோளை மூடிப் போர்த்திய சேலை, மடியில் கோத்த கைகள். உதடு திறக்காத ஒரு சின்னச் சிரிப்பு. 'சாப்பிட்டியா' என்று கேட்கப்போகிறவள் மாதிரி இருந்தது. பாதம் மட்டும் தெரியவில்லை. ஒரு பூந்தொட்டி மறைத்திருந்தது.

"புடிச்சிருக்கா பாப்பா?" என்றார் அப்பா.

"அத்தையப் புடிச்சிருக்கு," என்றேன்.

அப்பா சட்டென்று எழுந்து வெளியே போனார். வெட்கப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைத்துப் போனதாக அப்போது எண்ணினேன்.

கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு மாதமும் அந்தப் படம் என் தலையணை அருகில் இருந்தது. அத்தைக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். பச்சைப் பட்டுத் துணி, கையில் ஜரிகைக் கரை. அளவு கேட்டு எழுத வெட்கமாக இருந்ததால் படத்தில் தெரிந்த உடம்பை வைத்தே வெட்டினேன். நாற்காலியின் அகலத்தோடு அத்தையின் தோளை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். கூடக் குறைய இருந்தால் பிரித்துத் தைக்க இரண்டு பக்கமும் துணி விட்டிருந்தேன்.

மலாக்காவின் பண்டா ஹிலிர் திடலில் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவித்த அந்த வருஷம், வைகாசியில் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அத்தை வரவில்லை. தாலி ஏறியபின் என் நெற்றியில் திருநீறு பூச அப்பா குனிந்தபோது கேட்டேன்.

"அத்தை வரலியாப்பா?"

"கால்ல வீக்கமாம்மா. வேன்ல உக்கார முடியாதாம். வீட்டுல ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அப்போது தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் பார்த்தேன். புது மாப்பிள்ளையின் கூச்சம் என்று நினைத்தேன்.

மத்தியானம் மலாக்கா வந்து சேர்ந்தோம். காஜா பெராங் சாலையிலிருந்து பிரிந்த சந்தில் தகரக் கூரை போட்ட பலகை வீடு. பக்கத்து வீட்டு அம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். மலாக்காச் செட்டி சமூகத்தவர்; தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து மலாய் பேசும் இந்துக்கள். சாரோங் கெபாயா உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். தமிழ் அவருக்கு வராது. மலாயில்தான் "மாசோக், மாசோக்" என்று என்னை உள்ளே அழைத்தார். நான் அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வீங்கியவர் நாற்காலியில்தான் இருப்பார் என்று நாற்காலிகளைத் தேடினேன். கையில் ரவிக்கைப் பொட்டலம் இருந்தது.

மாமா என்னைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார்.

"அத்தையக் கும்பிட்டுக்கம்மா."

கண்ணாடி போட்ட ஒரு படம். நெற்றி இருக்கும் இடத்தில் கண்ணாடி மேல் குங்குமம். புதுச் சாமந்தி மாலை, அதற்குக் கீழே பழைய மாலையின் காய்ந்த நார். அதே நடு வகிடு, அதே மூக்குத்தி. ஆனால் சிரிப்பு இல்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், இவர் அத்தையின் அக்காவாக இருக்க வேண்டும், செத்துப்போயிருக்கிறார் என்று.

"அத்தை எங்க இருக்காங்க மாமா? உள்ளயா?"

மாமாவின் முகம் மாறியது. மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"இதாம்மா அத்தை. செத்து ஆறு வருசமாச்சு. ஒங்கப்பா ஒன்கிட்ட சொல்லலியா?"

ஆரத்தி எடுத்த அம்மாள் நிலைமையைப் புரிந்துகொண்டு மெதுவாக வெளியே போனார். நான் அழவில்லை. எனக்கு எது முதலில் தோன்றியது என்று இன்றும் நினைவிருக்கிறது: இந்த வீட்டில் யார் சமைப்பார்கள்? சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். ஆண்பிள்ளைகள் மட்டும் புழங்கிய அடுப்பு. பானையின் வெளிப்புறம் கழுவி வருஷங்கள் ஆகியிருக்கும். பொட்டலத்தைப் பலகை மேல் வைத்துவிட்டு அரிசி எங்கே என்று கேட்டேன்.

பத்து நாள் என் கணவரோடு பேசவில்லை. மாமாவோடு மட்டும் பேசினேன், அவர் முகத்தில் ஒளிவு எதுவும் தெரியாததால். பதினோராம் நாள் என் கணவர் கிடங்குக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

"அந்தப் படத்த எடுக்கச் சொன்னது ஒங்கப்பா," என்றார். "வீடு பார்க்க வந்தப்ப சுவத்துல அம்மா படத்தப் பார்த்தாரு. குடும்பமா ஒரு படம் வேணும், அம்மாவயும் சேர்த்துப் போடச் சொல்லலாம், டவுன்ல செஞ்சு குடுப்பாங்கன்னு சொன்னாரு. அம்மா உசிரோட இருக்கும்போது நாங்க சேர்ந்து ஒரு படமும் எடுக்கல. எங்கப்பாவுக்கு அவ்வளவு சந்தோசம். பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்னு ஒங்கப்பாதான் சொன்னாரு."

"செத்துப்போனவங்களக் காட்டிப் பொண்ணு எடுத்துட்டு, இப்ப எங்கப்பா மேல பழி போடுறீங்களா?"

"வேணும்னா கடையில போய்க் கேளு."

"சரி, கேக்குறேன். மணவறையில எங்கப்பா கால் வீக்கம்னு சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

அவர் வேட்டி நுனியை மடித்துவிட்டுக்கொண்டார்.

"விழுந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"தாலி கட்டியாச்சு. அதுக்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போவுது?"

இந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. அவரோடு நாற்பது வருஷம் வாழ்ந்தேன், நல்லவர்தான். ஆனால் அவர் ஏதாவது விஷயத்தில் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தின் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிற புத்தி எனக்குக் கடைசிவரை போகவில்லை.

மறுவாரம் பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மூன்று சக்கரப் பெச்சா வண்டியில் டவுனுக்குப் போனேன். படம் எடுக்கும் கடை ஒரு சீனருடையது. கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண ஜோடிகள் வரிசையாக இருந்தார்கள். நான் கொண்டுபோன குடும்பப் படத்தை மேசை மேல் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. தான் செய்த நல்ல வேலையை யாரோ பாராட்ட வந்திருப்பதாக நினைத்துவிட்டார். எல்லாம் மலாயில்தான் பேசினோம்.

"இதுல யாரு இல்லாதவங்கன்னு உன்னால கண்டுபுடிக்க முடிஞ்சுதா? முடியாது! எங்க ஒட்டியிருக்குன்னு காட்டு பாப்போம்."

"எப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

அவர் உற்சாகமாகச் சொன்னார். அப்பாவும் மகனும் நேரில் வந்து உட்கார்ந்தார்கள், பக்கத்தில் ஒரு நாற்காலிக்கு இடம் விட்டு. அந்த அம்மாளின் படமோ அடையாளக் கார்டுக்காக எடுத்தது, தோள் வரைக்கும்தான். அதைப் பெரிதாக்கி முகத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்தார். உடம்பு வேண்டுமே. பழைய நெகட்டிவ்களில் தேடி, சேலை கட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் உடம்பை எடுத்து அதன் மேல் முகத்தை ஒட்டினார். கழுத்து சேரும் இடத்தில் மெல்லிய தூரிகையால் சாம்பல் வண்ணம் தடவினார். பிறகு மொத்தத்தையும் இன்னொரு முறை படம் பிடித்தார். பிடித்தபின் ஒட்டுத் தெரியாது.

"யாரோட உடம்பு அது?"

"யாருக்குத் தெரியும்? வந்து எடுத்துக்கிட்டாங்க, வாங்க வரவே இல்ல."

நான் நாற்காலியின் அகலத்தை அளந்து தைத்த ரவிக்கை யாருக்கு என்று அப்போது தெரிந்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு.

"மாதிரிக்குப் படம் குடுத்தது யாரு? மகனா?"

அவர் உள்ளே போய் ஒரு காகித உறை எடுத்துவந்தார். அதற்குள் வெட்டிய துண்டுகளோடு ஒரு சீட்டும் இருந்தது. அதைத் தொடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோமன் எழுத்தில் மலாய். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் வால் மாதிரி கீழே இழுத்துவிடும் கை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிக்ஸ்சர் பாட்டில்களில் ஒட்டும் சீட்டுகளில் அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கண்ணாடி மேலிருக்கும் பொட்டு தெரியக்கூடாது என்று ஒரு வரி. முகம் கொஞ்சம் சதைப்பற்றோடு இருக்கட்டும் என்று ஒரு வரி. மூன்றாவது வரியில் 'செனியூம் சிக்கிட்' என்று இருந்தது. கொஞ்சம் சிரிப்பு.

"செத்தவங்க படத்துல பொட்ட எடுக்கச் சொல்லி நிறையப் பேரு வருவாங்க," என்றார் கடைக்காரர். "சிரிப்பு வைக்கச் சொல்லி வந்தவரு இவரு ஒருத்தருதான். ரொம்பச் சிரமம் அது. உதட்டோட ரெண்டு ஓரத்துலயும் ஊசி முனை அளவுக்குத்தான் மை. கூடிப்போனா கேலி மாதிரி ஆயிடும். முதல்ல போட்டது அவருக்குப் புடிக்கல. ரெண்டாவது தடவை வந்து பார்த்துட்டு, இதுதான், இதுக்கு என் பொண்ணு மயங்கிடுவான்னாரு."

பக்கத்து வீட்டு அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றி சொன்னேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கேட்டதைச் செய்தவர்.

பெச்சா வண்டியிலேயே திரும்பினோம். காஜா பெராங் சாலை வந்ததும் அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன் மாமியார் நல்ல மனுசிதான், ஆனா வாய் ரொம்பப் பொல்லாதது. வேலி மேல என் துணி காஞ்சா மூனு நாள் கத்துவா. அவ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. இருந்திருந்தா நீ தினமும் என் வீட்டுக்கு அழுதுக்கிட்டு வந்திருப்ப."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. செத்துப்போனதால் கிடைக்காமல் போனவள் என்றாவது நினைத்திருந்தேன். உயிரோடு இருந்தபோதும் அப்படி ஒருத்தி இருந்ததில்லை. அவளை அப்பா கடையில் சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறார்.

அன்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடத்தில் மாட்டியிருந்த அந்தக் குடும்பப் படத்தின் இன்னொரு பிரதியை அவர் தாமே கழற்றிப் பெட்டியில் வைத்தார். "எனக்குத் தெரியாதும்மா. ஆனா பொண்ணு முகத்தப் பார்த்து ஒரு வார்த்த நானே கேட்டிருக்கணும். கேக்கல," என்றார். அவருக்கு அந்தப் படம் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்து நானே எடுத்துத் திரும்ப மாட்டினேன்.

ஆடிக்கு என்னை அழைத்துப் போக அப்பா வந்தார். கையில் பலகாரத் தூக்கும், எனக்கு ஒரு சேலையும். வாசலிலேயே நிறுத்தக் கூடாது என்று உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். மாமா நிலைமை தெரிந்து கோயில் பக்கம் போய்விட்டார்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?"

கடைக்குப் போனதைச் சொன்னேன். சீட்டைப் பார்த்ததையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"நல்ல பையன் பாப்பா. குடியில்ல, சூதில்ல. நிரந்தரமான வேலை. அம்மா இல்லன்னு தெரிஞ்சா நீ இதையும் வேணாம்னுருப்ப. நான் எத்தன எடம் பார்க்க முடியும்?"

"வேணாம்னு சொன்னா என்னப்பா? இன்னும் ஒரு வருசம் ஒங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். அது பாரமா?"

அவர் தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்தார்.

"ஒரு வருசம் இல்லம்மா. அடுத்த மாசம் எனக்குக் கப்பல்."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். சுதந்திரம் வந்தால் துரைமார்கள் போய்விடுவார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பார்கள், வயதான டிரஸ்ஸரை யார் வைத்துக்கொள்வார்கள். ஊரில் பெரியப்பா தனியாக இருக்கிறார். நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஆறு மாதத்துக்கு முன்பே இடம் சொல்லி வைத்தாயிற்று. அதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்தாக வேண்டியிருந்தது.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே."

"நீ இங்க பொறந்தவ. அங்க ஒனக்கு யாரத் தெரியும்?"

"இங்க எனக்கு யாரத் தெரியும்ப்பா? ஒங்கள மட்டுந்தான் தெரியும்."

அவர் அழுதார். நான் அழவில்லை. மாமியார் வேண்டும் என்று நான் கேட்டது ஒருவரிடம் மட்டும்தான். என் பலவீனம் இன்னது என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் அதை ஒரு சீட்டில் எழுதிக் கடையில் கொடுத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். "ஆடிக்கு நான் வரல. நீங்க போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னேன். சேலையை வைத்துவிட்டுப் போனார். பலகாரத்தை மாமாவும் கணவரும் சாப்பிட்டார்கள்.

கப்பல் ஏற்ற நான் போகவில்லை. என் கணவர் போனார். திரும்பி வந்து, "ஒன்னப் பத்திக் கேட்டாரு," என்றார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

மெர்டேக்கா, சுதந்திர நாள், வந்தது. தெருவெல்லாம் தோரணம் கட்டினார்கள். என் மூத்த மகள் அப்போது வயிற்றில் எட்டு மாதம். அந்தப் பிரசவத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாள்தான் வந்து இருந்தார். அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கணவர் கேட்டார். பெண் குழந்தை, சுகம் என்று இரண்டு வரி எழுதினேன். அப்பா நான்கு பக்கம் பதில் எழுதினார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் வருஷம் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, பெரியப்பாவின் பிள்ளைகளோடு ஒத்துப்போகவில்லை, அங்கேயே வந்துவிடுகிறேன், பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குள் சட்டம் இறுகிவிட்டது. மகள் இங்கிருந்து விண்ணப்பம் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். கணவர் மறுநாளே விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தார். நான் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். வீட்டு வேலை, குழந்தைக்குச் சளி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

நான்காம் மாதம் எடுத்து நிரப்பினேன். அதில் ஒட்டக் கேட்டிருந்த அப்பாவின் படம் என்னிடம் இல்லை. ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அவருக்கு எழுதிப் போட்டேன். பதிலைப் பெரியப்பா எழுதியிருந்தார். என் கடிதம் போய்ச் சேரும் முன்பே அப்பா தவறிவிட்டார், மூன்று நாள் காய்ச்சல்தான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அப்போதுதான் அழுதேன். மகள்கள் பெரியவர்களான பிறகு, தாத்தாவை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். அவர் செய்ததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாரத்தை நான் ஒளித்து வைத்த அந்த நான்கு மாதத்தையும்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்குப் பிடிப்பதில்லை.